மாடித்தோட்டத்தில் ஒரு குட்டி முகவர்: ஈ.எஸ்.பி.32 பலகையில் தானே முடிவெடுக்கும் நிரலை ஓட்டுவது எப்படி

செடிக்குத் தண்ணீர் விட ஒரு டைமர் போதும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். காலை 6 மணிக்குத் திற, 10 நிமிடம் கழித்து மூடு. மழை பெய்து மண் சொதசொதவென்று கிடந்தாலும் டைமர் திறக்கும். அடுத்த படியாக மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் திறக்கும் நிரல் எழுதுவார்கள். அதன் சென்சார் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தால், "மண் காய்ந்துவிட்டது" என்று முடிவுகட்டி நாள் முழுக்கத் தண்ணீரைத் திறந்துவிடும். மென்பொருள் முகவர், அதாவது ஏஜென்ட், இதற்கும் ஒரு படி மேலே இருப்பது. தான் பார்ப்பதை எவ்வளவு நம்பலாம், எடுத்த வேலையை முடிக்கத் தன்னிடம் தெம்பு இருக்கிறதா, செய்த வேலை பலித்ததா என்று தன்னைப் பற்றியும் கணக்கு வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் நிரல் அது.

இதற்குப் பெரிய கணினி வேண்டாம். 2005 வாக்கில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான அகில்லா என்ற மென்பொருள், வெறும் 4 கிலோபைட் ராம் கொண்ட மைக்கா2 சென்சார் கருவிகளில் முகவர்களை ஓட்டியது. ஒரு கருவியிலிருந்து பக்கத்துக் கருவிக்கு அந்த முகவர்கள் தாவிப் போகவும் முடிந்தது. இன்று எளிதாகக் கிடைக்கும், வைஃபை ரேடியோவும் உள்ளடங்கிய குட்டிக் கணினிச் சில்லான ஈ.எஸ்.பி.32-இல் 520 கிலோபைட் ராம் இருக்கிறது. நமக்கு உண்மையில் தட்டுப்பாடு மின்சாரம்தான். இந்தக் கட்டுரையின் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

எடுத்துக்கொள்ளும் வேலை இது: மாடியில் ஒரு பெரிய தொட்டிச்செடி, அதற்கு மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவான் ஒன்று, குழாயில் ஒரு மின்வால்வு, மண்ணில் ஒரு ஈர சென்சார். எல்லாம் பேட்டரியில் ஓட வேண்டும். முடிவை அந்தப் பலகையே எடுக்க வேண்டும். வீட்டு வைஃபை செத்துக்கிடந்தாலும் செடி வாடக் கூடாது.

வாங்க வேண்டியவை

முதலில் ஈ.எஸ்.பி.32 பலகை. பழகுவதற்குச் சாதாரண டெவ்கிட் பலகை சரி. மாடியில் வைக்க அது ஆகாது. அதிலுள்ள, வோல்ட்டேஜை நிலைப்படுத்தும் 1117 வகை ரெகுலேட்டர், யு.எஸ்.பி. சில்லு, சிவப்பு விளக்கு மூன்றும் சேர்ந்து, சில்லு ஆழ்ந்த தூக்கத்தில் (மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பெரும்பகுதி அணைந்து, குறித்த நேரத்தில் மட்டும் எழும் நிலையில்) இருக்கும்போதும் பல மில்லியாம்பியர் குடிக்கும். லித்தியம் பேட்டரிக்கென்றே வடிவமைத்த குறைமின் பலகை வாங்குங்கள். அல்லது வெறும் ரூம்32 (WROOM-32) மாட்யூலுக்கு ஏ.பி.2112கே 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வைத்துச் சால்டர் செய்துகொள்ளுங்கள். அந்த ரெகுலேட்டர் சும்மா இருக்கையில் சுமார் 55 மைக்ரோஆம்பியர் எடுக்கும்; 600 மில்லியாம்பியர் வரை கொடுக்கும். இதைவிடக் குறைவாகக் குடிக்கும் 250 மில்லியாம்பியர் ரெகுலேட்டர்களும் கிடைக்கின்றன. ஆனால் ரேடியோ பேசும் கணத்தில் ஈ.எஸ்.பி.32 கேட்பது கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் விளிம்பில் நிற்கும், வேண்டாம்.

பேட்டரி, 2600 மில்லியாம்பியர்-மணி கொண்ட ஒரு 18650 லித்தியம் அயன் செல். ஈர சென்சார் கெப்பாசிட்டிவ் வகையாக இருக்கட்டும். இரண்டு உலோகக் கால்களோடு வரும் ரெசிஸ்டிவ் வகையில் மின்னாற்பகுப்பால் கால்கள் சீக்கிரமே அரித்துப்போகும். கெப்பாசிட்டிவ் சென்சாரிலும் ஒரு சிக்கல் உண்டு: அதிலுள்ள 555 சில்லின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். டி.எல்.சி.555 என்றிருந்தால் 3.3 வோல்ட்டில் வேலை செய்யும். என்.இ.555 என்றிருந்தால் அதற்கு 4.5 வோல்ட் வேண்டும். நம் பலகையில் தப்புத்தப்பாகக் காட்டும். சென்சார் பலகையின் வெட்டு விளிம்புகள் வழியே தண்ணீர் உள்ளே ஊறும். மண்ணில் புதையும் விளிம்பு முழுக்க எபாக்ஸியோ நகப்பூச்சோ இரண்டு முறை பூசிக் காயவிட்ட பிறகே நடுங்கள்.

வால்வு லேட்சிங் வகை, 6 வோல்ட். சாதாரண சோலனாய்டு வால்வு திறந்திருக்கும் நேரமெல்லாம் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரி தாங்காது. லேட்சிங் வால்வுக்குத் திறக்க ஒரு சின்னத் துடிப்பு, மூட எதிர்த்திசையில் ஒரு துடிப்பு, அவ்வளவுதான். துடிப்பின் நீளம் வால்வோடு வரும் தாளில் இருக்கும். இங்கே 40 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்வோம். துடிப்பைத் திருப்பிக் கொடுக்க ஒரு டி.ஆர்.வி.8833 மோட்டார் பலகை, வால்வுக்கென்று தனியாக நான்கு ஏ.ஏ. அல்கலைன் செல், அவற்றின் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.

வால்வு வாங்குமுன் அதன் குறைந்தபட்ச அழுத்தத்தைப் பாருங்கள். இந்த வகை டயாஃப்ரம் வால்வுகள் பலவற்றுக்கு 0.02 மெகாபாஸ்கல், அதாவது ஏறக்குறைய 2 மீட்டர் உயரத் தண்ணீர் அழுத்தம் தேவை. மேல்தொட்டியும் செடியும் ஒரே தளத்தில் இருந்தால் அந்த உயரம் கிடைக்காது. வால்வு திறக்கும், ஆனால் இறுக மூடாமல் கசிந்துகொண்டே இருக்கும். நிரலில் தவறு தேடி நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடம் இது. தவறு இருப்பது தண்ணீரில்.

இணைப்பு

ஈர சென்சாரின் வெளியீடு ஜி.பி.ஐ.ஓ. 34-க்கு, அதாவது சில்லின் 34 என்று எண்ணிட்ட பின்னுக்கு. 18650 பேட்டரியின் வோல்ட்டேஜ் 35-க்கு. நடுவில் 100 கிலோ ஓம் இரண்டு போட்டுப் பாதியாக்கிக் கொடுங்கள். வால்வு செல்களின் வோல்ட்டேஜ் 32-க்கு. மேலே 200 கிலோ ஓம், கீழே 100 கிலோ ஓம் வைத்து மூன்றில் ஒரு பங்காக்குங்கள். இரண்டு இடத்திலும் பின்னுக்கும் தரைக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். அது இல்லாவிட்டால் அளவு தள்ளாடும்.

32 முதல் 39 வரையுள்ள பின்களை மட்டும் அளவுக்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. இந்தச் சில்லில் இரண்டு அனலாக் அளவிகள் உள்ளன. இரண்டாவதை வைஃபை ரேடியோவும் பயன்படுத்திக்கொள்ளும். ரேடியோ ஓடும்போது 4, 13, 14, 25, 26, 27 போன்ற பின்களில் அனலாக் அளவு எடுக்க முடியாது. மேசையில் ஒழுங்காக வேலை செய்த நிரல், வைஃபையைச் சேர்த்ததும் பேத்தலாகக் காட்டினால் முதலில் இதைப் பாருங்கள். அந்தப் பின்களை வெறும் டிஜிட்டல் வெளியீடாகப் பயன்படுத்தத் தடை இல்லை.

சென்சாருக்கான மின்சாரத்தை நேராக 3.3 வோல்ட்டிலிருந்து எடுக்காமல் ஜி.பி.ஐ.ஓ. 25-லிருந்து கொடுங்கள். அது எடுப்பது 5 மில்லியாம்பியர்தான், பின் தாங்கும். விழித்ததும் பின்னை உயர்த்தி, 200 மில்லிசெகண்ட் பொறுத்து, 16 முறை அளந்து, நடு மதிப்பை எடுத்து, உடனே அணைத்துவிட வேண்டும்.

மோட்டார் பலகையின் இரண்டு உள்ளீடுகள் 26, 27-க்கு. அதன் தூக்கப் பின் 33-க்கு. அந்தத் தூக்கப் பின்னைத் தரையோடு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டரால் கட்டுங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் ஈ.எஸ்.பி.32-இன் பின்கள் பிடிமானம் இல்லாமல் மிதக்கும்; இந்த ரெசிஸ்டர் இல்லாவிட்டால் வால்வு தானாக டிக்கென்று அடித்துக்கொள்ளும். சில மோட்டார் பலகைகளில் அந்தப் பின்னை மேலே இழுத்துக் கட்டியிருப்பார்கள். அப்படி இருந்தால் அந்த ஜம்பரை எடுத்துவிடுங்கள். 6 முதல் 11 வரையுள்ள பின்கள் உள்ளேயிருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்குரியவை, தொடக் கூடாது. 12-ஐயும் விட்டுவிடுங்கள், பலகை தொடங்கும் நேரத்தில் அது உயர்ந்திருந்தால் ஃபிளாஷுக்கு 1.8 வோல்ட் என்று சில்லு நினைத்துக்கொள்ளும், பலகை எழாது.

அளவுகோல் போடுதல்

சென்சார் ஈரம் கூடக்கூடச் சிறிய எண் காட்டும். ஒவ்வொரு சென்சாரும் வெவ்வேறு. அடுத்தவர் எண்களை எடுத்துப் போடாதீர்கள். உங்கள் தொட்டி மண்ணையே ஒரு வாளியில் எடுத்து மூன்று நாள் வெயிலில் காயவைத்து, சென்சாரை அழுத்தி நட்டு எண்ணைக் குறியுங்கள். அதுதான் 0. பிறகு அதே வாளியில் அடியில் தண்ணீர் வடியும் வரை ஊற்றி, இரவு முழுக்க வடியவிட்டுக் காலையில் குறியுங்கள். அது 100. கோப்பைத் தண்ணீரில் முக்கி 100 என்று வைப்பது தவறு. எந்த மண்ணும் தண்ணீரைப் போல ஈரமாக இருக்காது, உங்கள் எல்லைகளெல்லாம் தள்ளிப்போய்விடும். மூன்றாவதாக, சென்சாரை வெறும் காற்றில் பிடித்தும் ஓர் எண் குறித்துவையுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

முகவரின் உள்ளே

1980-களில் மெய்யியலாளர் மைக்கேல் பிராட்மன் மனிதர் முடிவெடுக்கும் விதத்தை நம்பிக்கை, விருப்பம், தீர்மானம் என்று பிரித்து விளக்கினார். 1990-களில் ஆனந்த் ராவும் மைக்கேல் ஜார்ஜெஃபும் அதைக் கணினி முகவருக்கான வடிவமாக்கினார்கள். சிறிய கருவிக்கு இந்தப் பிரிப்பு நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் மூன்றும் மூன்று சின்ன அட்டவணைகளாக அடங்கிவிடும்.

நம்பிக்கை என்பது முகவர் உலகைப் பற்றி இப்போது என்ன எண்ணுகிறது என்பது. ஒவ்வொரு நம்பிக்கைக்கும் மூன்று உறுப்புகள் கொடுங்கள்: மதிப்பு, எப்போது அளந்தது, 0 முதல் 3 வரை ஒரு நம்பகம். எட்டு பைட்டில் முடிந்துவிடும். நமக்கு வேண்டியவை: மண் ஈரம், ஈரம் குறையும் வேகம், முதன்மைப் பேட்டரி (18650), வால்வு பேட்டரி (நான்கு ஏ.ஏ.), வால்வின் நிலை, இன்று விட்ட நிமிடங்கள், வீட்டுப் பலகையோடு (வீட்டுக்குள் வைக்கும் இன்னொரு ஈ.எஸ்.பி.32) கடைசியாகப் பேசிய நேரம். ஏழு நம்பிக்கை, 56 பைட்.

புதிதாக எழுதுபவர்கள் விட்டுவிடுவது நம்பகத்தைத்தான். மண் 15 நிமிடத்தில் 70-லிருந்து 5-க்குக் காயாது. அப்படி ஓர் எண் வந்தால், அதுவும் நீங்கள் காற்றில் குறித்த எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், பூனையோ காகமோ சென்சாரைப் பிடுங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு முறைக்கு 10 புள்ளிக்கு மேல் இறங்கினால் நம்பகத்தை 0 ஆக்குங்கள். தொடர்ந்து நான்கு அளவுகள் தமக்குள் ஒத்துப்போனால் ஒவ்வொன்றாக ஏற்றலாம். ஆனால் காற்று எண்ணுக்கு அருகில் இருக்கும்வரை ஏற்றக் கூடாது. ஏற்றம் வேறு கதை. மழையில் ஈரம் சட்டென்று ஏறும், அது இயல்பு.

விருப்பங்கள் இரண்டே இரண்டு: செடி வாடாமல் இருக்க வேண்டும், வெள்ளம் வராமல் இருக்க வேண்டும். இரண்டும் மோதினால் இரண்டாவதுதான் வெல்லும். ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் செடி பிழைத்துக்கொள்ளும். திறந்தே கிடக்கும் வால்வு ஓர் இரவில் மேல்தொட்டியைக் காலி செய்து, கீழ்வீட்டுக் கூரையிலும் இறங்கும்.

தீர்மானம் என்பது எடுத்துக்கொண்டு பாதியில் இருக்கும் வேலை: "5 நிமிடம் தண்ணீர் விடுகிறேன், தொடங்கியது இத்தனை மணிக்கு, இது இரண்டாவது முயற்சி." ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழும்போது நிரல் முதல் வரியிலிருந்து தொடங்குவதால், தீர்மானம் எங்காவது பத்திரமாக இருக்க வேண்டும். சில்லின் கடிகாரப் பகுதியில் 8 கிலோபைட் நினைவகம் தூக்கத்திலும் அழியாமல் நிற்கும். நம்பிக்கை, தீர்மானம் இரண்டையும் அங்கே வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு நாளின் 96 ஈர அளவுகளும் 192 பைட்டில் அங்கேயே அடங்கும்.

இனி விதிகள். மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் பொருந்துவதைச் செய்துவிட்டுத் தூங்க வேண்டும்:

1. டைமரால் விழிக்கவில்லை என்றால் (மின்சாரம் போய் வந்தது, ரீசெட் ஆனது): வால்வை மூடு. அடுத்த 6 மணி நேரம் திறக்காதே.
2. தண்ணீர்ப் பாய்ச்சல் நடக்கிறது, நேரம் முடிந்தது என்றால்: மூடு. 30 நிமிடம் தூங்கு.
3. முதன்மைப் பேட்டரி 3.4 வோல்ட்டுக்குக் கீழே என்றால்: திறக்காதே. ஒரு மணி நேரம் தூங்கு.
4. ஈரத்தின் நம்பகம் 2-க்குக் கீழே என்றால்: திறக்காதே. வீட்டுக்குச் சொல்.
5. ஈரம் 35-க்குக் கீழே, இன்று விட்டது 30 நிமிடத்துக்குக் கீழே என்றால்: திறக்க முயற்சி செய். 5 நிமிடம்.
6. எதுவும் பொருந்தவில்லை என்றால்: 15 நிமிடம் தூங்கு.

இரண்டாவது விதியில் 30 நிமிடத் தூக்கம் இருப்பது தண்ணீர் சொட்டுவானிலிருந்து சென்சார் ஆழத்துக்கு இறங்க அவ்வளவு நேரம் பிடிப்பதால். ஈரம் ஏறும் வரை திறந்து வை என்று எழுதினால், சென்சாருக்குச் செய்தி போய்ச் சேருமுன் தொட்டி வழிந்துவிடும். 5 நிமிடத்துக்கு 330 மில்லிலிட்டர். விட்டுப் பொறுத்துப் பார்த்து, தேவையானால் மறுபடி 5 நிமிடம்.

முதல் விதி அற்பமாகத் தெரியலாம். அதில்லாத முகவர் செய்வது இது: மண் காய்ந்திருக்கிறது, திறக்கிறது, உடனே வீட்டுக்குச் செய்தி அனுப்ப ரேடியோவை எழுப்புகிறது. பலவீனமான பேட்டரி அந்த இழுப்பில் சரிய, வோல்ட்டேஜ் சரிவதைக் கவனிக்கும் பிரவுன்-அவுட் காவலன் சில்லை ரீசெட் செய்கிறது. நினைவு அழிந்து புதிதாய் எழும் முகவர், மண் காய்ந்திருக்கிறது, இன்று விட்டது சுழியம் என்று பார்த்து மறுபடி திறக்கிறது. இப்படியே சுற்றும். இதற்காகவே இன்றைய நிமிடக் கணக்கை ஃபிளாஷிலும் எழுதுங்கள். ஃபிளாஷின் ஒரு பகுதி சுமார் ஒரு லட்சம் முறை அழித்தெழுதத் தாங்கும். பாய்ச்சலுக்கு ஒரு முறை எழுதினால் ஆண்டுக்கணக்கில் கவலையில்லை. ஒவ்வொரு விழிப்பிலும் எழுதாதீர்கள்.

திறக்குமுன் மூடிப் பார்

லேட்சிங் வால்வின் வசதியே அதன் ஆபத்தும். திறந்த பிறகு செல்கள் செத்தால் வால்வு திறந்தே கிடக்கும். ஆகவே திறக்கும் முடிவுக்கு முன் முகவர் கேட்க வேண்டிய கேள்வி: மூடுவதற்குத் தேவையான மின்சாரம் கையில் இருக்கிறதா?

வால்வு பேட்டரியின் வோல்ட்டேஜைச் சும்மா அளந்தால் பதில் கிடைக்காது. ஓய்ந்துபோன நான்கு அல்கலைன் செல்கள் சும்மா இருக்கையில் 5.5 வோல்ட் காட்டும். வால்வுச் சுருள் இழுத்ததும் 4-க்குக் கீழே விழும். பளுவில் அளந்தால்தான் உண்மை தெரியும். வழி இருக்கிறது. வால்வு ஏற்கனவே மூடியிருக்கிறது. மூடிய வால்வுக்கு இன்னொரு மூடும் துடிப்பு கொடுத்தால் ஒரு கெடுதலும் இல்லை. அந்த 40 மில்லிசெகண்ட் துடிப்பு தொடங்கி 30-ஆவது மில்லிசெகண்டில் 32-ஆம் பின்னை அளக்க வேண்டும். அந்த அளவு எல்லைக்கு மேலே இருந்தால் மட்டும் திறக்கும் துடிப்பு. இல்லாவிட்டால் "வால்வு செல்லை மாற்று" என்று வீட்டுக்குச் செய்தி.

எல்லையை மேசையிலேயே கண்டுபிடியுங்கள். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் பவர் சப்ளையை வால்வுக்குக் கொடுத்து, குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு, எந்த வோல்ட்டேஜ் வரை ஒழுங்காக மூடுகிறது என்று பாருங்கள். அதோடு அரை வோல்ட் கூட்டிக்கொள்ளுங்கள். 32-ஆம் பின்னில் உள்ள கெப்பாசிட்டர் 100 நானோஃபாரட்டாக இருக்க வேண்டியதும் இதற்காகத்தான். எண்கள் அமைதியாக வரட்டும் என்று 1 மைக்ரோஃபாரட் போட்டால், 30 மில்லிசெகண்டில் வரும் சரிவை அது மறைத்துவிடும். செத்த செல் உயிரோடு இருப்பதாக முகவர் நம்பும்.

முதன்மைப் பேட்டரியை இதற்கு நேர்மாறாக, ரேடியோவை எழுப்புமுன் அமைதியில் அளப்பது எளிது. ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் அளந்தால் போதும். நாளுக்கு நாள் ஒப்பிட முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மின்சாரக் கணக்கு

தூக்கத்தில் சில்லுக்கு 10, பேட்டரி அளவு ரெசிஸ்டர்களுக்கு 21, ரெகுலேட்டருக்கு 55. மொத்தம் 86 மைக்ரோஆம்பியர். ஒரு நாளைக்கு 2.1 மில்லியாம்பியர்-மணி. ஒரு விழிப்பு 0.3 செகண்ட், 50 மில்லியாம்பியர் என்றால் 96 விழிப்புக்கு 0.4. விழிப்பைவிடத் தூக்கம்தான் அதிகம் குடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். டெவ்கிட் பலகை வேண்டாம் என்றது இதனால்தான்: தூக்கத்தில் 8 மில்லியாம்பியர் போனால் நாளைக்கு 192, செல்லின் 80 விழுக்காட்டைக் கணக்கில் எடுத்தால் பத்து நாளில் காலி.

இப்போது பேச்சு. விழிக்கும்போதெல்லாம் வைஃபையில் இணைந்து அனுப்பினால், ஒரு முறைக்கு 4 செகண்ட், சராசரி 120 மில்லியாம்பியர் என்று வைத்தால் நாளைக்கு 12.8. மொத்தம் 15.3, சுமார் 135 நாள். வைஃபை இணைப்பு இல்லாமல் ஒரே பொட்டலமாக அனுப்பும் ஈ.எஸ்.பி.-நவ் முறையில் 0.15 செகண்டில் முடிகிறது. 96 முறை பேசினாலும் நாளைக்கு 0.5-க்குள். காகிதக் கணக்கில் 700 நாள் வரும். செல் தானாக வடிவதாலும் வெயிலாலும் அவ்வளவு வராது, ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பொட்டலத்தில் 250 பைட் தாராளமாகப் போகும். நம் செய்தி 12 பைட்.

அத்தனை முறை பேசவும் தேவையில்லை. ஈரம் 5 புள்ளிக்கு மேல் மாறினால், தீர்மானம் மாறினால், ஒரு நம்பிக்கையின் நம்பகம் விழுந்தால், அல்லது 6 மணி நேரம் சும்மா இருந்துவிட்டால் மட்டும் பேசு என்று எழுதுங்கள்.

தூக்க நேரத்தை எழுதுவதில் ஒரு பள்ளம் உண்டு. தூக்க நேரம் மைக்ரோசெகண்டில் கேட்கப்படும். ஒரு மணி நேரத்துக்கு 3600-ஐயும் 1000000-ஐயும் சாதாரண முழு எண்களாகப் பெருக்கினால், 32 பிட் எண் நிரம்பி வழிந்துவிடும். 15 நிமிடத்துக்கும் 30 நிமிடத்துக்கும் சரியாக இருக்கும் நிரல், 36 நிமிடத்திலிருந்து எழவே எழாமல் போவது இதனால்தான். இரண்டு எண்களையும் 64 பிட் குறியில்லா எண்களாக அறிவித்துப் பெருக்குங்கள். உள்கடிகாரமும் வெப்பத்தில் பிசகும். 5 விழுக்காடு பிசகினால் நாளைக்கு 72 நிமிடம். வீட்டுப் பலகை பதில் அனுப்பும்போது நேரத்தையும் சேர்த்து அனுப்பட்டும்.

வீட்டுப் பக்கம்

வீட்டுக்குள் பிளக்கில் செருகிய இன்னொரு ஈ.எஸ்.பி.32, ஒரு காதில் ஈ.எஸ்.பி.-நவ் கேட்டு, மறு காதில் வைஃபை ரவுட்டரோடு பேசும். இரண்டும் ஒரே சேனலில்தான் நடக்க முடியும். சேனலை முடிவு செய்வது ரவுட்டர். ரவுட்டர் தானியங்கிச் சேனலில் இருந்தால் ஒரு நாள் மின்தடைக்குப் பிறகு வேறு சேனலுக்கு மாறிவிடும், மாடியிலுள்ள முகவரின் குரல் யாருக்கும் கேட்காது. ரவுட்டர் அமைப்பில் சேனலை 1, 6, 11-இல் ஏதாவது ஒன்றில் நிலையாக வைத்துவிடுங்கள். மாடி முகவர் அனுப்பியது மூன்று முறையும் சேரவில்லை என்றால் விட்டுவிட்டுத் தூங்க வேண்டும். விடாமல் முயன்றுகொண்டே இருக்கும் முகவர் இரண்டு நாளில் பேட்டரியைத் தின்றுவிடும்.

13 மணி நேரம் மாடியிலிருந்து சத்தமில்லை என்றால் வீட்டுப் பலகை உங்கள் போனுக்கு எச்சரிக்கை அனுப்பட்டும். பழைய ஆண்ட்ராய்டு போனையே வீட்டு முகவராக வைக்கவும் செய்யலாம். ஆனால் ஆண்ட்ராய்டு 6 முதல் வந்த டோஸ் முறை, சார்ஜில் இல்லாமல் அசையாமல் கிடக்கும் போனில் பின்னணி நிரல்களை நிறுத்திவைக்கும். முறையான பின்னணி வேலைகளுக்கும் மீள்நேரம் குறைந்தது 15 நிமிடம். சார்ஜிலேயே போட்டுவைத்தால் டோஸ் வராது; ஆனால் பழைய பேட்டரி உப்பும், மாதம் ஒரு முறை முதுகைத் தடவிப் பாருங்கள். எதுவானாலும் தண்ணீர் திறக்கும் முடிவைப் போனிடம் ஒப்படைக்காதீர்கள். அது செய்தி காட்டட்டும், வரலாற்றைச் சேமிக்கட்டும், எல்லைகளை மாற்றச் சொல்லி அனுப்பட்டும்.

இயந்திரக் கற்றல் எங்கே என்று கேட்கலாம். ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஈரத்திலிருந்து இப்போதைய ஈரத்தைக் கழித்து ஆறால் வகுத்தால் மண் காயும் வேகம் கிடைக்கிறது. எத்தனை மணியில் 35-ஐத் தொடும் என்பதும் தெரிகிறது. இந்த வேலைக்கு அது போதும். ஒலி, அதிர்வு, படம் என்று வந்தால் மைக்ரோகண்ட்ரோலர்களுக்கான டென்சர்ஃப்ளோ லைட் என்ற இயந்திரக் கற்றல் மென்பொருளைப் பயன்படுத்தலாம். மாதிரியை 8 பிட் எண்களாகச் சுருக்கினால் அளவு கால்வாசியாகும், ஃபிளாஷிலிருந்தே ஓடும். பெரிய மொழி மாதிரிகள் இங்கே ஓடாது: நூறு கோடி அளபுருக்கள் கொண்ட சிறிய ஒன்றே 4 பிட்டில் 500 மெகாபைட், நம் பலகையின் ஃபிளாஷ் பெரும்பாலும் 4 மெகாபைட்.

மாடிக்குப் போகுமுன்

முதல் வாரம் வால்வுக் குழாயைச் செடியில் விடாமல் ஒரு வாளியில் விடுங்கள். முகவர் முடிவெடுக்கட்டும், தண்ணீர் வாளியில் விழட்டும், செடிக்கு நீங்கள் கையால் ஊற்றுங்கள். தினமும் ஒரு முறை விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டு, முகவர் சொல்லும் ஈரத்தோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். நடுவில் சென்சாரைப் பிடுங்கிப் போடுங்கள். திறக்காமல் செய்தி அனுப்ப வேண்டும். பாய்ச்சல் நடக்கும்போது பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள். எழுந்ததும் முதல் வேலையாக மூட வேண்டும். வால்வு பெட்டியில் பழைய செல்களைப் போடுங்கள். திறக்க மறுக்க வேண்டும். இந்த மூன்றிலும் தேறினால் குழாயைச் செடிக்கு மாற்றலாம்.

பெட்டி நீர்புகாத வகையாக இருக்கட்டும். கம்பித் துளைகளை அடியில் போட்டுச் சிலிக்கானால் அடையுங்கள், இல்லாவிட்டால் எறும்பு குடியேறும். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள். பெட்டி நிழலில் இருக்க வேண்டும். சூரியத் தகடு சேர்ப்பதானால் இது இன்னும் முக்கியம். 45 பாகைக்கு மேல் லித்தியம் அயன் செல்லைச் சார்ஜ் செய்யக் கூடாது, மே மாத மாடியில் மூடிய பெட்டி அந்த வெப்பத்தை எளிதாகத் தாண்டும்.

இரண்டாவது முகவர் வரும்போது

ஒரு தொட்டி நன்றாக ஓடினால் மூன்று வைக்கத் தோன்றும். அப்போது புதிய சிக்கல் வரும். மூன்று வால்வும் ஒரே நேரத்தில் திறந்தால் குழாயில் அழுத்தம் இறங்கி, முன்னே சொன்ன 2 மீட்டருக்குக் கீழே போய், எந்த வால்வும் சரியாக மூடாது. ஆகவே முகவர்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். எளிய வழி, திறக்குமுன் வீட்டுப் பலகையிடம் அனுமதி கேட்பது. கேட்கும்போதே தன் ஈரத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு பேர் கேட்டால் அதிகம் காய்ந்தவருக்கு முதலிடம். அனுமதி 8 நிமிடத்தில் தானாகக் காலாவதி ஆகட்டும். வாங்கியவர் நடுவில் செத்தாலும் மற்றவர்கள் காத்துக் கிடக்க வேண்டியிருக்காது.

வீட்டுப் பலகை பதிலே சொல்லவில்லை என்றால்? ஒவ்வொரு முகவருக்கும் ஓர் எண் கொடுங்கள். பதில் இல்லாதபோது 1-ஆம் முகவர் மணியின் முதல் 20 நிமிடத்திலும், 2-ஆம் முகவர் அடுத்த 20-லும், 3-ஆம் முகவர் கடைசி 20-லும் மட்டும் திறக்கலாம். கடிகாரப் பிசகை நினைவில் வைத்து, ஒவ்வொருவரும் தன் 20 நிமிடத்தின் நடு 6 நிமிடத்துக்குள் 5 நிமிடப் பாய்ச்சலை முடிக்க வேண்டும். இரு பக்கமும் 7 நிமிடம் இடைவெளி கிடைக்கும். வீட்டிலிருந்து நேரம் வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் அந்த இடைவெளியையும் நம்ப முடியாது. அதன்பின் 1-ஆம் முகவர் மட்டும் திறக்கலாம், மற்ற இருவரும் நேரம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதிகம் தாகம் எடுக்கும் செடிக்கு எண் 1-ஐக் கொடுங்கள்.